எட்டுக்கு எட்டு பொருந்துமா?

வீட்டிலேயே திரையரங்கு ஒலி வேண்டும் என்று கடைக்குப் போகிறீர்கள். ரிசீவர் என்னும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒலிபெருக்கி இணைப்புகளுக்கு அருகே "6–16 ஓம்" என்று அச்சிட்டிருக்கிறது. விளம்பரத் தாளில் "100 வாட்" என்கிறார்கள். ஒலிபெருக்கியின் முதுகில் "8 ஓம், 100 வாட்". ஓமுக்கு ஓம், வாட்டுக்கு வாட். பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று என்று வாங்கி வந்துவிடுகிறோம். இப்படிப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் எப்படி வந்தது, இன்று அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1925-இல் அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இருவர் புதுவகை ஒலிபெருக்கி ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். காந்தப் புலத்தில் ஒரு சிறு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறுந்தோறும் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்யும். இன்றைய ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை அடிப்படையில் இதுவேதான். ஆனால் அதை நன்கு இயக்க அன்றைய வானொலிப் பெட்டிகளுக்கு வலுப் போதவில்லை. ஆகவே ஏறத்தாழ 1 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் அவர்களே அமைத்தார்கள். 'ரேடியோலா 104' என்ற பெயரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவருக்குப் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை!

ஒரு வாட் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வால்வுகளின் காலத்தில் ஒவ்வொரு வாட்டும் விலை உயர்ந்த பொருள். 1926-இல் பேசும் படத்துக்கான ஒலிபெருக்கியை உருவாக்கிய வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம், ஆளுயரத்துக்கு மேற்பட்ட கூம்புகளை அதனோடு பொருத்தியது. கூம்பு இருந்தால் குறைந்த மின்சாரத்திலேயே கொட்டகை முழுவதும் கேட்கும். அந்த ஒலிபெருக்கிக்கு அவர்கள் இட்ட பெயர் '555 ரிசீவர்'! தொலைபேசியில் காதில் வைக்கும் உறுப்புக்கு ரிசீவர் என்று பெயரல்லவா? அந்த வழக்கில் வந்தது அது. இன்று அதே சொல் ஒலிபெருக்கியை விட்டு ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இனி ஓம் கணக்குக்கு வருவோம். வால்வு ஓர் அழுத்தக்காரப் பேர்வழி. அதன் மின்னழுத்தம் மிகுதி, மின்னோட்டம் குறைவு. அதற்குச் சில ஆயிரம் ஓம் சுமை வேண்டும். ஒலிபெருக்கியின் சுருளோ சில ஓம்களே உள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே தரகராக நின்றது ஒரு மின்மாற்றி. அதன் சுற்றுகளின் விகிதம் 25-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-இன் வர்க்கம் 625. அதை 8-ஆல் பெருக்கினால் 5,000. எட்டு ஓம் ஒலிபெருக்கி வால்வின் கண்ணுக்கு 5,000 ஓமாகத் தெரியும். வெவ்வேறு ஒலிபெருக்கிகளுக்கு வசதியாக மின்மாற்றியில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் வைத்தார்கள். எட்டு ஓம் ஒலிபெருக்கியை எட்டு என்று எழுதிய முனையில் மாட்டு! எட்டுக்கு எட்டு என்ற பழக்கம் வேரூன்றியது இங்கேதான்.

1954-இல் எட்கர் வில்ச்சர் என்பவர் இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டார். அதுவரை ஆழ்ந்த தாழ்சுரம் வேண்டுமானால் அலமாரி அளவு பெட்டி வேண்டும். வில்ச்சர் கூம்பின் விளிம்பைத் தளர்வாக விட்டு, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். நியூயார்க்கில் அவரிடம் பாடம் கேட்ட ஹென்றி க்ளாஸ் என்பவருடன் சேர்ந்து இதைத் தயாரித்தார். அதுவே ஏஆர்-1. புத்தக அலமாரியில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து ஆர்கன் இசையின் அடித்தளம் கேட்டது. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறிய பெட்டி, ஆழ்ந்த சுரம் இரண்டும் வேண்டுமென்றால் பயனுறுதிறனை விட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளே போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒலியானாலே பெரிது, மீதி வெப்பம். போதாததற்கு அது 4 ஓம் ஒலிபெருக்கி. வீடுகளில் வாட் பசி தொடங்கியது.

அந்தப் பசிக்கு 1960-களில் டிரான்சிஸ்டர் வந்தது. அதற்கு மின்னழுத்தம் குறைவாக இருந்தால் போதும், மின்னோட்டத்தைத் தாராளமாகத் தரும். ஆகவே தரகர் தேவையில்லை, மின்மாற்றி நீக்கப்பட்டது. இதோடு பொருத்தத்தின் பொருளே மாறிவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் உள் எதிர்ப்பு 8 ஓம் அல்ல. ஓர் ஓமில் சிறு பின்னமே. அது அப்படித்தான் இருக்க வேண்டும். மிதிவண்டி டைனமோவின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், சுற்றுவது கடினமாகும். அதுபோலவே, இசை நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருக்கும் கூம்புக்கு ஆம்ப்ளிஃபயரின் குறைந்த எதிர்ப்பு தடைக்கட்டையாக அமைகிறது.

ஆகவே ரிசீவரின் முதுகில் உள்ள 6 என்ற எண் சமம் பார்ப்பதற்கானது அன்று. அதற்குக் கீழே போகாதே என்ற எச்சரிக்கை. ஓம் பாதியானால் மின்னோட்டம் இரட்டிக்கிறது. வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒலிபெருக்கி மாட்டாமல் இயக்கினால் மின்மாற்றி பாழாகும். டிரான்சிஸ்டருக்கு அதனால் தீங்கில்லை, ஆனால் முனைகள் ஒட்டிக்கொண்டால் நொடியில் முடிந்துவிடும். இந்தத் தலைகீழ் வேறுபாட்டை அறியாமல் நான் ஒருமுறை ஓர் ஆண்டு விழாவில் நான்கு எட்டு ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் மாட்டினேன். மொத்தம் 2 ஓம். தலைவர் உரை முடிவதற்குள் எரிந்த வாடை வந்தது. இரவல் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் அது!

வாட் கணக்கிலும் குழப்பம் இருந்தது. ஒரு கணம் மட்டும் தரக்கூடிய உச்ச அளவைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்றார்கள். 1974-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இடைவிடாது தரக்கூடிய வாட்டையே சொல்ல வேண்டும் என்று விதி செய்தது. 2024-இல் அதைத் திருத்தி, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த உருக்குலைவுடன் அளக்க வேண்டும் என்று வரையறுத்தது.

நீங்கள் தேட வேண்டிய எண் ஒன்று பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும்: 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தொலைவில் அளந்த டெசிபல். (8 ஓமில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட்.) ஒன்று 87, மற்றொன்று 97 என்றால், இரண்டாவதுக்கு 10 வாட் போதுமான இடத்தில் முதலாவதுக்கு 100 வாட் வேண்டும். ரிசீவரின் வாட்டை 50-இலிருந்து 100 ஆக்கினால் கிடைப்பதோ 3 டெசிபல்தான்; காதுக்கு ஓரளவே தெரியும். ஐந்து ஒலிபெருக்கிகளையும் ஒரே மின்வழங்கியிலிருந்து ஊட்டும் ரிசீவருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

மிகுந்த வாட்டை விழுங்குவது தாழ்சுரம். 1990-இல் வந்த வீட்டு டிஎச்எக்ஸ் வரையறை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைப் பிரித்து, சப்வூஃபர் என்னும் தனி ஒலிபெருக்கிக்கு அனுப்பச் சொன்னது. இன்றைய சப்வூஃபர் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஓம் எண்ணே இராது. மின்சாரக் கம்பி ஒன்று தொங்கும். ரைஸும் கெல்லாக்கும் செய்தது போலவே, ஆம்ப்ளிஃபயர் ஒலிபெருக்கியின் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.