பழைய ராணுவ ஜீப்பும் அதன் ஓட்டுநர் இருக்கையும்

பழைய ராணுவ ஜீப் ஒன்று சாலையில் போனால் பலர் திரும்பிப் பார்க்கிறார்கள். அது நின்றால் சுற்றிக் கூடுகிறார்கள். எந்த வருடத்து வண்டி, எங்கே கிடைத்தது, உதிரிப் பாகங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஓட்டி வந்தவர் ஒருநாள்கூடப் படையில் இருந்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த வண்டியின் மிடுக்கு அவர்மீது வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த மரியாதை இரும்புக்கா, அதில் உட்கார்ந்திருப்பவருக்கா? வரலாற்றிடமே கேட்டுப் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவு விலைக்கு வந்தன. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் பூசி 'ஜீப்னி' என்ற பொதுப் போக்குவரத்து வண்டியாக மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சேகரிப்பாளர்கள் அந்தப் பழைய வண்டிகளைப் பழுது நீக்கிப் பிள்ளை போல் வளர்க்கிறார்கள்.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அதன் நினைவாக ஒவ்வொரு ஜூன் மாதமும் சேகரிப்பாளர்கள் தங்கள் வண்டிகளோடு அங்கே வருகிறார்கள். மக்கள் கையசைத்து வரவேற்கிறார்கள். விடுதலையின் நினைவு அது. அதை நாம் குறை சொல்லவில்லை. நம் கேள்வி வேறு. போர் நடந்தபோது அந்தப் படையின் வண்டிகளை யார் ஓட்டினார்கள்?

படைகள் வேகமாக முன்னேறியபோது எரிபொருளும் வெடிபொருளும் உணவும் பின்தங்கிவிட்டன. அவற்றைக் கொண்டு சேர்க்க 1944 ஆகஸ்ட் 25 அன்று 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரித் தொடர் தொடங்கியது. நவம்பர் 16 வரை இரவும் பகலும் ஓடியது. அதன் ஓட்டுநர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் கறுப்பினத்தவர். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பருக்குத் தனிப் பிரிவு, தனித் தங்குமிடம். துப்பாக்கி ஏந்தும் தகுதி இவர்களுக்கு இல்லை என்று சொல்லிச் சரக்கு வேலைக்குத் தள்ளியவர்கள்தான், அந்தச் சரக்கு வராவிட்டால் டாங்கி நகராது என்ற நிலைக்கு வந்தார்கள். ஆனால் நாடு திரும்பிய கறுப்பினச் சிப்பாய்களுக்கு என்ன காத்திருந்தது?

ஐசக் உட்டார்ட் பசிபிக் போர்முனையில் பணியாற்றியவர். 1946 பிப்ரவரி 12 அன்று படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடை கலையாமல், பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஓட்டுநருடன் வாக்குவாதம். தெற்கு கரோலினாவில் காவலர்கள் அவரை இறக்கி அடித்தார்கள். இரண்டு கண்களும் போயின. காவல்துறைத் தலைவரை, வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு சுமார் அரை மணி நேரத்தில் குற்றமற்றவர் என்றது. ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் 1948இல்தான் பிறப்பித்தார்.

அமெரிக்கக் கதையை இங்கே ஏன் சொல்கிறோம்? நம் கதையும் அதுதான் என்பதால். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் 1890களில் மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மகர் படைப்பிரிவு ஒன்றைத் திரட்டியது, போர் முடிந்தபின் கலைத்தது. அடுத்த போருக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1941இல், மகர் ரெஜிமென்ட் உருவானது. சண்டைக்குத் தீட்டு இல்லை, சம்பளத்துக்கும் மரியாதைக்கும்தான் தீட்டு!

வண்டிக்கும் அதே கணக்குதான். 1929இல் தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்கும் அரசுக் குழுவின் உறுப்பினராகச் சாலிஸ்கானில் இறங்கினார் அம்பேத்கர். வெளிநாட்டில் படித்து வந்த வழக்கறிஞர். ஆனால் அவரை ஏற்றி ஓட்ட ஒரு குதிரை வண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். விருந்தாளியை நடக்கவிடக் கூடாது என்று, பழக்கமில்லாத மகர் ஒருவரே வண்டியைப் பிடித்தார். பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. அம்பேத்கரின் கால் முறிந்தது. அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். வண்டி கிடைத்தது, வாடகையும் கொடுத்தாயிற்று. கிடைக்காமல் போனது அதில் கௌரவமாக உட்காரும் உரிமை.

இதன் மறுபக்கம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று: குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிலம் நிறைந்த பணக்காரர்கள், முதல் எதிரிக்குக் கார் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். ஒருவரிடம் வண்டி இருப்பதே அவருடைய ஒழுக்கத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது!

இப்போது அந்தப் பச்சை ஜீப்புக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆலிவ் பச்சை வண்ணம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. அதே வண்ணத்தில் எஸ்டேட் முதலாளியின் மகன் வந்தால் 'ரசனைக்காரர்' என்போம். சேரி இளைஞன் ஒருவன் தன் சேமிப்பில் வாங்கி ஓட்டி வந்தால் முதலில் வரும் கேள்வி எது? 'இது யாருடைய வண்டி?' அதற்கடுத்து 'ஆர்சி புக் எங்கே?' களப்பணியில் எங்களுக்குப் பழகிப்போன கேள்விகள் இவை. ஜீப் என்றால் இன்னமும் போலீஸ், வனத்துறை, பண்ணையார் என்று நினைத்துக் கதவைச் சாத்தும் பெரியவர்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தையும் ஒரு வரலாற்று ஆவணமாகவே நாங்கள் பார்க்கிறோம்.

பழைய வண்டிகளைக் காப்பது நல்ல வேலைதான். ஆனால் என்ஜின் எண்ணையும் தயாரித்த ஆண்டையும் எழுதி வைப்பவர்கள், அவற்றை ஓட்டியவர்களையும் பழுது பார்த்தவர்களையும் மூட்டை ஏற்றியவர்களையும் சேர்த்து எழுதட்டும். நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. படையில் லாரி ஓட்டிய தாத்தா, பட்டறையில் கைகொடுத்த மாமா, சாலை போட்ட பெரியப்பா நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய விடுவிப்புச் சான்றும் பதக்கமும் டிரங்குப் பெட்டியில் துருப்பிடித்துக் கிடக்கலாம். எடுத்துப் படம் பிடியுங்கள். எந்த வருடம், எந்தப் பிரிவு, எந்த ஊர் என்று உட்கார்ந்து கேளுங்கள், எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.