விளக்கப்பட்ட அமானுடம்

விளக்கப்பட்ட அமானுடம் என்பது ஆங்கிலக் கோதிக் புதினங்களில் கையாளப்பட்ட ஒரு கதைசொல்லும் உத்தி ஆகும். பேய், ஆவி முதலியவற்றின் செயல் போலத் தோன்றும் நிகழ்வுகளுக்குக் கதையின் பிற்பகுதியில் இயற்கையான காரணம் கூறப்படுவது இதன் இயல்பு. இவ்வுத்தியைப் பெரிதும் வளர்த்தவர் ஆங்கில எழுத்தாளர் ஆன் ராட்கிளிஃப் (1764–1823) ஆவார்.

பின்னணி

முதல் கோதிக் புதினமாகக் கருதப்படுவது ஹொரேஸ் வால்போல் எழுதிய "ஒட்ராண்டோ கோட்டை" (1764). இதில் மாபெரும் தலைக்கவசம் ஒன்று விழுந்து, மணநாளன்று இளைஞன் ஒருவனை நசுக்கிக் கொல்கிறது. இதற்கு இயற்கையான விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை. இத்தகைய மிகைகள் கதையின் விளைவையே கெடுத்துவிடுகின்றன என்று கிளாரா ரீவ் 1778 இல் குறைகூறினார். ஆயினும் அவருடைய புதினத்திலும் ஆவி இடம்பெறுகிறது.

உடோல்ஃபோவின் மர்மங்கள்

ராட்கிளிஃபின் "உடோல்ஃபோவின் மர்மங்கள்" 1794 இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. கதை 1584 இல் தொடங்குகிறது. பெற்றோரை இழந்த எமிலி, தன் அத்தையின் கணவனான மோண்டோனியால் அப்பினைன் மலைக்கோட்டை ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். அங்கு கறுப்புத் திரைக்குப் பின்னால் கண்ட காட்சியால் மயங்கி விழுகிறாள். அது பிணம் போலச் செய்யப்பட்ட மெழுகு உருவம் என்பது நூலின் இறுதிப் பகுதியிலேயே தெரியவருகிறது. இரவில் கேட்கும் மர்ம இசை, கைதி ஒருவன் எழுப்பியதாகும். மற்றொரு மாளிகையில் நடமாடிய "பேய்கள்", அங்கே கொள்ளைப் பொருளை ஒளித்துவைத்த கடற்கொள்ளையர் ஆவர்.

ஆனால் மோண்டோனியால் விளையும் ஆபத்து எந்த விளக்கத்தாலும் மறைவதில்லை. சொத்தை எழுதித் தர மறுக்கும் மனைவியை அவன் கோபுரத்தில் அடைத்து வைக்கிறான். அவள் இறந்தபின் அதே சொத்துக்காக எமிலியை அச்சுறுத்துகிறான். பேய் பொய்யாகிறது, பூட்டிய கதவு மெய்யாகவே இருக்கிறது. அக்காலத்து ஆங்கிலப் பொதுச் சட்டப்படி மணமான பெண்ணின் உடைமைகள் பெரும்பாலும் கணவனின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1882 ஆம் ஆண்டுச் சட்டமே இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. எனவே இவ்வச்சம் அக்கால வாசகருக்கு அந்நியமானதன்று.

திகிலும் பயங்கரமும்

ராட்கிளிஃப் மறைந்தபின் 1826 இல் வெளியான அவரது கட்டுரை, திகில், பயங்கரம் ஆகிய இரண்டையும் வேறுபடுத்துகிறது. தெளிவின்மையால் எழும் திகில் மனத்தை விரித்து விழிப்பூட்டுகிறது. நேரில் காட்டப்படும் பயங்கரமோ மனத்தைச் சுருக்கி உறையச் செய்கிறது. மத்தேயு லூயிஸ் எழுதிய "துறவி" (1796) இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகும். அதில் சாத்தான் நேரடியாகவே தோன்றுகிறான்.

விமர்சனமும் தாக்கமும்

நீண்ட எதிர்பார்ப்புக்குப் பின் தரப்படும் எளிய விளக்கம் ஏமாற்றமளிக்கிறது என்று வால்டர் ஸ்காட் கருதினார். ராட்கிளிஃபும் இவ்வுத்தியை எப்போதும் பின்பற்றவில்லை. 1826 இல் வெளியான அவரது இறுதிப் புதினத்தில் உண்மையான ஆவி வருகிறது.

ஜேன் ஆஸ்டின் "நார்த்தாங்கர் அபே" என்ற புதினத்தில் (1817) கோதிக் மரபை நகையாடினார். நாயகி கேத்தரின் அலமாரியில் கண்டெடுக்கும் மர்ம ஏடுகள் வெறும் சலவைக் கணக்குகளாக முடிகின்றன. வீட்டுத் தலைவர் தம் மனைவியைக் கொன்றவர் என்ற அவளது ஐயமும் பொய்யாகிறது. எனினும் அவள் செல்வந்தர் வீட்டுப் பெண் அல்லள் என்று அறிந்ததும், அவர் அவளைத் துணையின்றி வெளியேற்றுகிறார்.

ஆர்தர் கோனன் டாயிலின் "பாஸ்கர்வில்லின் வேட்டைநாய்" (1901–1902) இம்மரபைத் துப்பறியும் கதைக்குக் கொண்டுவந்தது. அதிலும் பேய்நாய் என்பது சொத்துக்காகச் செய்யப்பட்ட சூழ்ச்சியே.