எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்போ சீந்தில் கஷாயம் உங்களுக்கும் சேஃபா?

கோவிட் நேரத்தில் உங்கள் வீட்டிலும் சீந்தில் கஷாயம் காய்ச்சியிருக்கலாம். வடக்கே அதற்கு கிலோய் என்று பெயர். அதைச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று 2021-ல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அடுத்த ஆண்டு, 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது.

“எலிக்குக் கொடுத்துப் பார்த்தாச்சு, கல்லீரலுக்கு நல்லதுன்னுதான் வந்திருக்கு” என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை. ஆனால் என்ன சோதித்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும், கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நஞ்சைக் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுத்துவிட்டு, மூலிகை அதைத் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். மூலிகையே கல்லீரலைக் கெடுக்குமா என்பது வேறு கேள்வி.

அதற்கும் சோதனை உண்டு. சர்வதேச அளவில் பின்பற்றப்படும் ஓஇசிடி 408 வழிகாட்டுதல்படி 90 நாள் தினமும் டோஸ். குறைந்தது மூன்று டோஸ் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 10 ஆண், 10 பெண் எலிகள். மருந்து தராத குழு தனி. பிறகு எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி பார்ப்பார்கள் (உங்கள் எல்எஃப்டி ரிப்போர்ட்டில் வருவதேதான்). கல்லீரலை எடை போட்டு, மைக்ரோஸ்கோப்பிலும் வைப்பார்கள்.

இப்போ கொஞ்சம் கணக்கு. மருந்து குடித்த 60 எலிகளில் ஒன்றுகூடப் பாதிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். புள்ளியியல்படி அதிகபட்சம் சொல்ல முடிவது, ‘பாதிப்பு 20-ல் ஒன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு’ என்பதுதான். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு இந்தச் சோதனையில் சிக்கவே சிக்காது. கோடிக்கணக்கானோர் குடிக்கும்போது அது சின்ன எண் இல்லை.

இன்னொரு சிக்கல்: அந்த 43 பேரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வந்தது, உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு. யாருக்கு வரும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கலாம். லேப் எலிகளோ இளசு, ஆரோக்கியமானவை, ஒரே மாதிரி வளர்ந்தவை. தைராய்டு மாத்திரையோடு கஷாயம் குடிக்கும் எலி எங்கே இருக்கிறது?

எலியிலாவது கட்டாயம் சோதிக்கிறார்களா? பழைய நூல்களில் உள்ள முறைப்படி, அதே பயன்பாட்டுக்குத் தயாரித்தால், 158-பி விதிப்படி லைசென்ஸுக்குப் புதிய பாதுகாப்புச் சோதனை தேவையில்லை.

மூலிகை எடுக்கும்போது கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறத்தில் போனாலோ, உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போய் எல்எஃப்டி எடுங்கள். “மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று அவர் கேட்டால், கஷாயத்தையும் சொல்லுங்கள்.