கானாடுகாத்தான் அழகப்பரும் பௌன் தெருப் பிள்ளையாரும்

திருக்கோயில் வரலாறு எழுதப் புகுவோர், வேந்தன் அளித்த இறையிலி நிலத்திலிருந்தோ, கருவறைச் சுவரிலுள்ள கல்வெட்டிலிருந்தோ தொடங்குவது மரபு. இங்கே நாம் கூறப்புகும் கோயிலுக்கு வேந்தனும் இல்லை. பழங் கல்வெட்டும் இல்லை. 1970ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நியூயார்க் மாநகரின் குவீன்ஸ் பகுதியிலே, ஒரு குடும்பத்தார் வாழ்ந்த வீட்டின் கூடத்தில் சில அன்பர்கள் அமர்ந்து பேசியதே அதன் தொடக்கம். அவ்வீட்டின் தலைவர் அழகப்பா அழகப்பன். பெயரொற்றுமையால் கல்விக்கு வாரி வழங்கிய கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியாரோடு இவரைச் சேர்த்து மயங்குவோர் உண்டு. இவர் வேறு; ஊரும் வேறு.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1925ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் பயின்றார். பொருளியலோடு சட்டமும் கற்றார். ஐக்கிய நாட்டுச் சபையின் பணியில் சேர்ந்து, முதலில் பாங்காக்கிலும் பின்னர் நியூயார்க்கிலும் அலுவல் புரிந்தார். கோப்பும் கணக்கும் நன்கறிந்தவர்; நூல்கள் எழுதியவர்; சோதிடத்திலும் நாடிச் சுவடிகளிலும் தோய்ந்தவர். இத்தனை திறனும் ஒருவரிடத்தில் கூடியிருந்ததை வியக்கலாம். ஆயினும், அவர் மனைவி மக்களோடு அயல்நாட்டில் குடியமர்ந்த ஒரு குடும்பஸ்தர் என்பதே நம் வரலாற்றுக்கு முதன்மையான செய்தி. ஏன் என்பதை விளக்குவோம்.

நகரத்தார் கடல் கடந்து சென்ற இடமெல்லாம் கோயில் எடுத்தவர்கள் என்பது அன்பர்கள் அறிந்ததே. இரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வட்டிக் கடைகளிருந்த கிட்டங்கியை ஒட்டியே தண்டாயுதபாணிக்கும் இடம் அமைந்தது. சிங்கப்பூர் டாங்க் சாலைக் கோயில் 1859ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது. வருவாயில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கி, அதனால் பூசையும் திருவிழாவும் குறைவற நடத்தினார்கள். ஆனால் அங்கே சென்றவர்கள் பெரும்பாலும் தனி ஆடவர். தவணைக்குப் போய், கணக்கு முடித்து, ஊர் திரும்புவோர். மனைவியும் மக்களும் செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் இருந்தார்கள். திருமணமும் காதுகுத்தும் சாந்தியும் அங்கேதான். ஆகவே கீழ்த்திசைக் கோயில்கள் கடையின் கோயில்களாக விளங்கின. பிள்ளையின் பெயர்சூட்டுக்கு அவற்றை எதிர்நோக்க வேண்டிய நிலை அந்நாளில் பெரும்பாலும் எழவில்லை.

அமெரிக்க நாட்டில் நிலைமை மாறியது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர்களுக்கு ஓராண்டில் ஏறத்தாழ நூறு பேருக்கே குடியேற்ற இடம் இருந்தது. 1965ஆம் ஆண்டின் புதிய சட்டம் அந்தத் தளையை நீக்கவே, மருத்துவரும் பொறியாளரும் ஆசிரியருமாகப் பலர் குடும்பத்தோடு வந்து தங்கினர். ஊர் திரும்பும் தவணை இவர்களுக்கு இல்லை. அலமாரித் தட்டில் வைத்த சாமி படமே பூசையறை. குழந்தைக்கு முதற்சோறு ஊட்டவும், ஏடு தொடங்கவும், மணம் முடிக்கவும் ஒரு சந்நிதி இல்லை. பெற்றோருக்கு இது ஏக்கம். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ, ஏங்குவதற்கான நினைவே இல்லை! அழகப்பர் போன்ற தந்தையரை அலுவல் முடிந்த மாலை வேளைகளில் ஒன்றுகூட வைத்தது இந்தக் கவலைதான் என்று கருதுகிறோம்.

வட அமெரிக்க இந்துக் கோயிற் சங்கம் இவ்வாறு பிறந்தது. பிளஷிங் என்னும் பகுதியில், பௌன் தெருவிலே, இரஷ்ய நாட்டு வைதிகக் கிறித்துவர்களின் தேவாலயமாக இருந்த ஓரிடத்தைச் சங்கத்தார் வாங்கினர். தெருப்பெயர் நம் காதுக்குப் பொற்காசை நினைவூட்டும். ஆயினும் அது ஜான் பௌன் என்பவரின் பெயர். அவர் கதையைச் சற்று விரித்துக் கூறுவது தகும். ஏனெனில் அவரும் குடியேறியவரே, குடும்பஸ்தரே.

1627இல் இங்கிலாந்தில் பிறந்து, 1649இல் அமெரிக்கா வந்து, பின்னர் பிளஷிங்கில் நிலைத்தவர் பௌன். அப்போது அப்பகுதி ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தது. பீட்டர் ஸ்டைவசெண்டு என்ற ஆளுநர், ஒல்லாந்தத் திருச்சபையைத் தவிர வேறு வழிபாட்டுக் கூட்டங்களைத் தடுத்தார். குவேக்கர் என்போர் குருவும் படிமமும் இன்றி மௌனமாய்க் கூடியிருந்து இறைவனை எண்ணும் கிறித்துவர். அவர்களுக்கு இடங்கொடுக்கலாகாது என்ற ஆணையை எதிர்த்து, 1657ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் பிளஷிங் ஊரார் முப்பதின்மர் விண்ணப்பம் ஒன்றில் கையொப்பமிட்டனர். அவர்களுள் ஒருவரும் குவேக்கர் அல்லர் என்பது போற்றத்தக்கது. பிறர் வழிபாட்டுக்காகத் தம்மைத் துன்பத்துக்கு உட்படுத்திக்கொண்டார்கள். பௌனின் மனைவி ஹன்னா அந்நெறியில் ஈடுபட்டார். கணவரும் அதனைத் தழுவித் தம் வீட்டுக் கூடத்தையே வழிபாட்டுக்குத் திறந்துவிட்டார். 1662இல் அவரைச் சிறைப்படுத்தினர். தண்டம் கட்ட மறுத்தமையால் நாடு கடத்தினர். அவர் ஆம்ஸ்டர்டாம் நகருக்கே சென்று, ஆட்சிக்கு உரிய வணிகக் கம்பெனியாரிடம் வழக்குரைத்தார். எவர் மனச்சான்றையும் வருத்தற்க என்று 1663இல் கம்பெனியார் ஆளுநருக்கு எழுதினர். மறு ஆண்டு பௌன் தம் மனைவி மக்களிடம் மீண்டார். அவர் வீடு இன்றும் அத்தெருவில் நிற்கின்றது.

ஒரு வீட்டுக் கூடத்துக்காகச் சிறை புகுந்தவரின் தெருவிலே, மூன்று நூற்றாண்டு கழித்து, இன்னொரு வீட்டுக் கூடத்தில் எழுந்த எண்ணம் கோயிலாயிற்று. இதனைத் திட்டமிட்டு அமைத்தவர் எவருமிலர். திருவருளின் செயல் என்பார் கூற்றை மறுக்க எமக்கு மனம் வரவில்லை.

மூலவராகப் பிள்ளையாரைத் தேர்ந்ததில் வியப்பில்லை. பிள்ளையார்பட்டியைத் தம் ஒன்பது கோயில்களுள் ஒன்றாகக் கொண்ட குலத்தில் வந்தவர் அழகப்பர். மேலும், இருந்த இடத்திலேயே பெற்றோரை வலம் வந்து கனி பெற்ற தெய்வம் அல்லவா, குடும்பத்தார் எழுப்பும் கோயிலுக்குப் பொருத்தமானவர்! கல் வேலைப்பாடுகள் இந்தியச் சிற்பிகளின் உளியில் உருவாகிக் கப்பலேறின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் துணையும் கிட்டியது. ஆகமம் ஒருபுறம், மாநகராட்சியின் கட்டட விதி மறுபுறம்; பனிக்காலத்துக் குளிர் வேறு. இவற்றுக்கிடையே திருப்பணி முடித்து, 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டு விடுதலைத் திருநாளன்றே, மகாவல்லப கணபதிக்குக் குடமுழுக்கு நடைபெற்றது. அதே ஆண்டில் பிட்ஸ்பர்க்கிலும் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வழிபாடு சிறந்தது. எது முந்தியது என்று வழக்காடுவோர் உளர். அண்ணன் தம்பியருள் யார் மூத்தவர் என்ற வழக்கை நாம் தீர்க்க வேண்டுவதில்லை.

அழகப்பர் ஒரு கோயிலோடு அமைந்துவிடவில்லை. வேறு பல நகரங்களில் கோயில் எடுக்க முனைந்தோருக்கும் அவர் வழிகாட்டினார். எந்த ஊரில் எந்தத் தெய்வம் என்பதற்கு நாடிச் சுவடிகளின் வாக்கை அவர் பெரிதும் நம்பினார். அந்நம்பிக்கையில் எல்லாரும் உடன்படுவர் என்று சொல்வதற்கில்லை. எனினும் சுவடி சொன்னதென்று அவர் வாளாவிருக்கவில்லை. நிலம், கடன், அனுமதி, சிற்பி, அர்ச்சகர் ஆகிய அனைத்துக்கும் மனிதர் முயற்சிதான் வேண்டியிருந்தது.

பௌன் தெருக் கோயில் வளர்ந்த விதத்தைப் பார்த்தாலே அது யாருக்காக எழுந்தது என்பது விளங்கும். சந்நிதிகளோடு திருமணங்கள் நடக்க மண்டபம், பிள்ளைகளுக்கு வகுப்புகள், கீழ்த்தளத்தில் தோசை மணக்கும் உணவுக்கூடம் எல்லாம் உண்டாயின. தோசைக்காக மட்டுமே படியிறங்கும் வேற்று மதத்தாரும் பலர். பிள்ளையார் அவர்களையும் கோபித்ததாகத் தெரியவில்லை! 2009இல் திருப்பணி கண்டு மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. 2014ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், எண்பத்தெட்டாம் அகவையில், அழகப்பர் இறைவனடி சேர்ந்தார்.

2022ஆம் ஆண்டில் அம்மாநகரத்தார் பௌன் தெருவின் அப்பகுதிக்குக் கணேசர் கோயில் தெரு என்று இணைப்பெயர் சூட்டினர். இன்று அங்கே செல்வோர் இரு பெயர்களையும் காணலாம்.