தீவகத்துப் பனையும் வீட்டுத் தளபாடமும்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளைப் பற்றி எழுதுவோர், நெடுந்தீவின் குதிரைகளையும் பெருக்கமரத்தையும், நயினாதீவின் நாகபூஷணி அம்மன் ஆலயத்தையும், ஊர்காவற்றுறைக்கு எதிரே நிற்கும் கடற்கோட்டையையும் வர்ணித்த மாத்திரத்தில் திருப்தியடைந்துவிடுகின்றனர். அத்தீவு மக்கள் எதன்மேற் படுத்தனர், எதன்மேல் அமர்ந்தனர், நெல்லையும் சீலையையும் எதனுள் வைத்துக் காத்தனர் என்ற விசாரணை, கோட்டைகளின் கதைக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பது என் துணிபு.

ஆறுமில்லாது அடர்ந்த காடுமில்லாது, சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லியதாக மண் படிந்து, நெடுந்தீவில் வேலிக்குக்கூட முருகைக்கல்லையே அடுக்கிவைக்க நேர்ந்த இப்பிரதேசத்தில், மரம் என்பது எளிதிற் கிட்டும் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. முதிரையும் பாலையும் கருங்காலியும் வன்னிக் காடுகளிலிருந்து வரவேண்டும். தேக்கு, பர்மாவிலிருந்து பாய்க்கப்பல் ஏறி வரவேண்டும். ஆகவே கடல் வாணிபத்தாற் செல்வம் சேர்த்த சில இல்லங்களிலே மட்டும் தேக்கு அலுமாரியும் சாய்மனைக் கதிரையும் காணப்பட்டன. அங்கும் அவை ஒரு தலைமுறைக்கென்று செய்யப்பட்டவையல்ல. மூடியின்மேல் ஓர் ஆள் படுத்துறங்கக்கூடிய அகலமும், ஒருவராலே தூக்க முடியாத கனமும் கொண்ட பெட்டகம், தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகச் சென்று, கீல் தேய்ந்தபோது கீல் மாற்றப்பட்டு, அடிப்பலகை உளுத்தபோது அப்பலகை மாத்திரம் புதுப்பிக்கப்பட்டு, வீட்டைக் காட்டிலும் நீண்ட ஆயுளை உடையதாய் விளங்கிற்று.

மற்றெல்லாருக்கும் பனையே கதி. 1850ஆம் ஆண்டிலே வில்லியம் பெர்குசன் என்பார் இலங்கைப் பனையைக் குறித்துத் தனி நூலொன்றையே வெளியிட்டார் என்பதிலிருந்து, இம்மரம் அந்நியர் கண்ணிலும் எவ்வளவு மதிப்புப் பெற்றிருந்தது என்பதை ஊகிக்கலாம். ஆனால் அந்த மதிப்பு அவசரக்காரனுக்கு உரியதன்று. காய்க்கத் தொடங்கவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் பனை, அறுபது எழுபது ஆண்டு முதிர்ந்தபின்னரே வைரம் பாய்ந்து வேலைக்குத் தகுதியாகிறது. அதிலும் பெண்பனையின் வைரமே உத்தமமானதென்பது தச்சர் கண்ட உண்மை. தறித்த மரத்தை ஆப்பிறுக்கிப் பிளந்தால், உள்ளே வெளிறிய மென்மையான சோற்றியும், வெளிப்புறத்திலே மஞ்சள் கோடுகள் ஓடிய கரிய வைரமும் தோன்றும். சோற்றியை வாய்ச்சியாற் செதுக்கி நீக்கிவிட்டு, வைரத்தை நார் ஓடும் திசையிலேயே சிலாகையாகப் பிளப்பர். நாருக்குக் குறுக்கே அது எளிதில் இடங்கொடாது. துறப்பணத்தால் துளையிடாது ஆணி அறைய முற்பட்டால், ஆணிதான் வளையும். இவ்வாறு கைமரமும் வளையும் சிலாகையுமாகிய பனை, தீவக வீட்டின் கூரையைத் தாங்கியதோடு, நடுவே குடையப்பட்டுத் தண்ணீர்ப் பீலியாகவும், கிணற்றடியிலே துலாவாகவும், முற்றத்திலே வாங்காகவும் பயன்பட்டது. பழைய கூரையைப் பிரிக்கும்போது, பழுதற்ற கைமரம் மறுபடியும் புதிய கூரையேறும். பழுதான துண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போகும். அதற்கும் உதவாதது அடுப்பெரியும்.

ஓலையின் கதை இதனினும் சுவையானது. குருத்தோலையை வார்ந்து, வெயிலிற் காயவைத்துப் பெண்கள் இழைத்த பாயும் தடுக்குமே பெரும்பாலான வீடுகளிற் கட்டிலும் கதிரையுமாயின. சுண்ணாம்பு பூசிய திண்ணை, இடம்பெயராத ஆசனமாயிற்று. பச்சை மட்டையின் தோலை உரித்து எடுத்த நார், தமிழகத்துத் திருநெல்வேலித் தேரிக்காட்டுப் பக்கத்திலே கட்டில் பின்னப் பயன்பட்டதுபோல, இங்கே கடகத்துக்கு உறுதியளித்தது. அடிதேய்ந்த கடகத்தை எறிந்துவிடாது நாரினாற் பொத்தி, இன்னும் சில ஆண்டுகள் உழைக்கவைப்பது ஒவ்வொரு வீட்டிலும் அறிந்த காரியம். வேலியிலிருந்தும் கூரையிலிருந்தும் கழற்றிய பழைய ஓலையோ குப்பையாகவில்லை. அது தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டு எருவாயிற்று. தீவுகளின் ஓலை வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் குடாநாட்டுப் புகையிலைத் தோட்டங்களுக்கும் சென்றது. அவ்வாறு விளைந்த யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது என்பதை நினைக்கும்போது, ஒரு குடிசைக் கூரையின் பயணம் எத்துணை தூரமானது என்று வியக்கத் தோன்றுகிறது.

இச்சிக்கனத்துக்குச் சட்டமும் துணைநின்றது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம், பிறர் காணியில் மரம் நாட்டியவனுக்கும் அதன் பயனிற் பங்குண்டு என அங்கீகரித்தது. நிலத்தின் உரிமையை வேறாகவும் மரத்தின் உரிமையை வேறாகவும் நோக்கும் அந்தச் சிந்தை, மரம் நாட்டுதலை ஒரு முதலீடாகவே மதித்தது.

எனினும், இப்பழமையைப் புகழுமிடத்து அதன் இருளை மறைத்தல் நியாயமன்று. பனையேறியவரும் ஓலை சுமந்தவரும் அதன் செல்வத்தை நுகரவில்லை. அவர்களிற் பலர் உயர்சாதியினர் எனப்பட்டோரின் வீட்டிலே வாங்கிலும் கதிரையிலும் சமமாக அமரவும் அநுமதிக்கப்படவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டுமென்ற முயற்சி எழுந்தபோது, அதை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீயிட்டவர்களும் இருந்தனர். தளபாடத்தின் சரித்திரத்தில் இதுவும் ஓர் அத்தியாயமே. இதை விட்டெழுதும் வரலாறு அரைகுறையானது.

பின்னர் நேர்ந்தவை யாவரும் அறிந்தவை. பெண்பனையைத் தறிக்க அநுமதி பெறவேண்டுமென அரசாங்கம் விதித்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. ஆயினும் உள்நாட்டு யுத்தம் வந்தபோது பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் கணக்கின்றிச் சரிந்தன. தீவு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆளற்ற வீடுகளிற் கதவும் நிலையும் பெட்டகமும் எஞ்சவில்லை. மீண்டு வந்தோர் பிளாஸ்டிக் கதிரையை வாங்கினர் என்றால், அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் உடைந்த அக்கதிரைக்கு ஆப்பிறுக்கவும் இயலாது, நாரினாற் பொத்தவும் இயலாது. அதைத் தோட்டத்திலே தாழ்த்தால் மண்ணுக்குக் கேடேயன்றி எருவாகாது.

தூர தேசங்களிலிருந்து கொண்டு புங்குடுதீவிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் பூர்வீக வீட்டைத் திருத்த முனையும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய கூரையைப் பிரிக்கும்போது கைமரங்களை விறகு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஊரிலே எஞ்சியுள்ள தச்சர் ஒருவரை அழைத்து, அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வைரம் உள்ளவை வாங்காகவும் மேசையாகவும் இன்னொரு நூற்றாண்டு உழைக்கும். அடுத்த முறை பனங்கிழங்குக்காகப் பாத்தி போடும்போது, பத்துப் பனங்கொட்டைகளையேனும் காணியின் எல்லையோரத்தில் ஊன்றிவிடுங்கள்.