குதிரையின் வாயில் கைவைக்கத் தகுதியுடையோர் யார்?



"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். இலவசமாகக் கிடைத்ததில் குறை தேடாதே என்று மாணாக்கருக்குப் பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால், பல்லைப் பார்த்து என்ன அறிந்தார்கள் என்று கேட்டால்தான் பழமொழியின் சுவை புலப்படும். பல்லைப் பார்த்தால் வயது தெரியும். வயது தெரிந்தால் விலை தெரியும். ஐரோப்பியர் இதே கருத்தைக் குதிரையின்மேல் ஏற்றிச் சொன்னார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய புனித ஜெரோம், அதனை அன்றே மக்கள் வாயில் வழங்கிய பழமொழியாகக் குறிப்பிடுகிறார்.

ஆக, குதிரையின் வாயைத் திறந்து பார்ப்பது மிகப் பழைய கலை. அந்த வாய்க்குள் அரத்தையும் குறட்டையும் கொண்டு செல்லத் தகுதியுடையோர் யார் என்னும் கேள்விக்கோ, அண்மைப் பத்தாண்டுகளில்தான் விடை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பல்லின் இயல்பு

நம் பல் முளைத்து நிலைபெற்ற பின்னர் மேலும் வெளிவருவதில்லை. குதிரையின் கடைவாய்ப்பல்லோ நீண்ட உடலோடு தாடைக்குள் புதைந்திருந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெளியே வந்துகொண்டே இருக்கும். புல்லை அரைக்க அரைக்க மேற்பகுதி தேயும். தேய்ந்த அளவைக் கீழிருந்து வரும் பகுதி ஈடுசெய்யும்.

குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். ஆகவே மேற்பற்களின் கன்னத்துப் பக்க விளிம்பும், கீழ்ப்பற்களின் நாக்குப் பக்க விளிம்பும் போதிய அளவு தேயாமல் கூர்மையடைகின்றன. அக்கூர்முனைகள் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். குதிரை தீனியைச் சரியாக மெல்லாது. கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறும். நீண்ட பிடியுள்ள அரத்தால் அம்முனைகளைத் தேய்த்து மழுக்குவதே இத்தொழிலின் அடிப்படைப் பணி.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். பல் வெளியே வந்துகொண்டிருப்பதால் அது வற்றாத ஊற்று என்று எண்ணிவிடக்கூடாது. இளமையில் தாடைக்குள் சேமித்த அளவுதான் வாழ்நாள் முழுமைக்கும் உரிய முதல். வரம்பு மீறி அரம் போட்டால் பல்லின் உயிருள்ள கூழ் வெளிப்பட்டுவிடும். அல்லது முதுமைக்கென இருந்த பல் இளமையிலேயே செலவாகிவிடும். குதிரை அன்றே முறையிடாது. அரம் போட்டவர் ஊர் கடந்து போன பிறகு, அந்த விலங்கு மெல்ல முடியாமல் மெலியத் தொடங்கும்.

மூவாயிரம் ஆண்டுப் பழமை

மங்கோலியப் புல்வெளிப் புதைகுழிகளில் கிடைத்த குதிரை மண்டையோடுகளை ஆய்ந்த வில்லியம் டெய்லர் குழுவினர், 2018இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கி.மு. 1150 அளவிலேயே மேய்ப்பர்கள், கோணலாக முளைத்த முன்பற்களை அறுத்துச் சீர்படுத்த முயன்றிருக்கிறார்கள். பின்னர், உலோகக் கடிவாளம் பரவிய காலத்தில், கடைவாய்ப்பல் வரிசைக்கு முன்னே சிறிதாக முளைக்கும் பயனற்ற பல்லைப் பிடுங்கும் வழக்கம் தோன்றியது. அந்தப் பல்லை ஆங்கிலேயர் ஓநாய்ப்பல் என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கடிவாள இரும்பு அதன்மேல் இடித்தால் குதிரைக்கு வலிக்கும். மனிதன் குதிரையின் வாயில் இரும்பை வைத்தான். அந்த இரும்பு தந்த வலிக்கு அவனே மருத்துவனாகவும் ஆனான்.

கிரேக்க நாட்டில் அரிஸ்டாட்டில் குதிரைக்கு நாற்பது பற்கள் என்று எண்ணி எழுதினார். பால்பல் யாவும் விழுந்துவிட்ட குதிரையை வாங்கும்போது விழிப்போடிருக்குமாறு செனபோன் தம் குதிரையேற்ற நூலில் அறிவுறுத்தினார். பிற்காலச் சந்தைகளில், முதிய குதிரையின் முன்பல்லில் குழி தோண்டி, சூட்டுக்கோலால் கரிய தடம் இட்டு, இளங்குதிரை என்று விற்ற ஏமாற்றுக்காரரும் இருந்தனர். பல்லைப் பற்றிய அறிவு நோய் தீர்க்கவும் பயன்பட்டது. பிறரை ஏய்க்கவும் பயன்பட்டது.

பாண்டிய நாட்டுக் குதிரைகள்

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை அறிந்த நமக்கு, பாண்டியர் குதிரைக்காகக் கருவூலத்தைத் திறந்த செய்தி புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ கூறுவது நெஞ்சை உறுத்துகிறது. அரசர் ஐவரும் ஆண்டுதோறும் தலைக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்கிறார் அவர். இந்த எண்கள் மிகையாக இருக்கலாம். அவர் கூறும் காரணந்தான் நம் கவனத்துக்கு உரியது. குதிரையைப் பேணும் முறை அங்குள்ளோருக்குத் தெரியவில்லை. லாடம் கட்டி மருத்துவமும் பார்க்கும் தொழிலாளர் அங்கு இல்லை. ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வந்த வணிகர்கள் அத்தகையோரை உடன் அழைத்து வரவில்லை. பிறர் செல்வதையும் தடுத்தனர். குதிரைகள் பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை குறைந்துவிடும் அல்லவா?

பொருளை விற்றவன் அறிவை விற்கவில்லை. அறிவைப் பொதுவில் கற்பிக்கும் பள்ளி இல்லாத இடத்தில், அதை மறைத்து வைப்பவனே ஆதாயம் பெறுகிறான்.

பள்ளி தோன்றியது, பாடம் மறைந்தது

அத்தகைய பள்ளி பிரான்சில் தோன்றியது. 1761இல் அரச அனுமதி பெற்று, லியோன் நகரில் கிளாட் பூர்ஜெலா உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். இலண்டனில் 1791இல் ஒரு கல்லூரி எழுந்தது. 1844இல் பிரிட்டனின் கால்நடை மருத்துவர் அமைப்புக்கு அரச சாசனம் கிட்டியது. 1849இல் எட்வர்ட் மேஹியூ குதிரையின் வாயைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

பின்னர் மோட்டார் வண்டி வந்தது. சாலையிலிருந்தும் வயலிலிருந்தும் படைகளிலிருந்தும் குதிரை விலகியது. கல்லூரிகள் மாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் முதலிடம் தந்தன. குதிரைப் பல் பாடத்திட்டத்தின் ஓரத்துக்குப் போயிற்று. ஆனால் பந்தயக் குதிரைகளும் சவாரிக் குதிரைகளும் இருந்தன. அவற்றின் பற்களும் முன்போலவே கூர்மையடைந்தன. அந்த வெற்றிடத்தை, தந்தையிடமோ தலைத் தொழிலாளியிடமோ கற்ற கைவினைஞர்கள் நிரப்பினர். அவர்களுள் கைதேர்ந்தவர் பலர். அரைகுறையாகக் கற்றவரும் உண்டு. வேறுபாட்டை அறியக் குதிரைக்காரனுக்கு வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. நல்ல மயக்க மருந்துகளும் மின் அரங்களும் வந்தன. மின் அரம் சில நொடிகளில் செய்யும் வேலை பெரிது. செய்யும் கேடும் பெரிது. 1999இல் பேக்கரும் ஈஸ்லியும் தொகுத்த பாடநூல் ஆய்வறிவை ஓரிடத்தில் சேர்த்தது. சான்றிதழ் கேள்வி இனியும் ஒத்திப்போட முடியாததாயிற்று.

எல்லை வகுத்த தேர்வு

பிரிட்டன் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பணிகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். கையரத்தால் கூர்முனைகளை மழுக்குவது போன்ற எளிய பணிகள் முதல் வகை. மின் கருவியைக் கையாளுதல், மருத்துவரின் நேரடி மேற்பார்வையில் ஓநாய்ப்பல்லைப் பிடுங்குதல் போன்றவை இரண்டாம் வகை. கால்நடை மருத்துவர் அல்லாதோர் இவற்றைச் செய்ய, கால்நடை மருத்துவச் சங்கங்கள் நடத்தும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட அறுவைகள் யாவும் மூன்றாம் வகை; அவை மருத்துவருக்கே உரியவை. மயக்க ஊசி போடுவதும் மருத்துவர் பணியே.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் வழக்காடித்தான் விடை கண்டது. 2007இல் அங்குள்ள கால்நடை மருத்துவ வாரியம், மருத்துவர் அல்லாதோர் இத்தொழிலை நிறுத்த வேண்டும் என்றது. வாழ்வாதாரம் பறிபோகும் என அஞ்சிய தொழிலாளர்கள் நீதிமன்றம் சென்றனர். வாரியம் உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று 2010இல் தீர்ப்பு வந்தது. 2011இல் சட்டமன்றம் நடுவழி ஒன்றை வகுத்தது: சான்றிதழ்த் தேர்வில் தேறியோர் உரிமம் பெற்று, மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றலாம்.

பரம்பரையாகக் கற்ற கையை இச்சட்டங்கள் விரட்டிவிடவில்லை, தேர்வறைக்கு அழைத்தன. பட்டத்தை மட்டும் போற்றி அனுபவத்தைத் தள்ளுவதும் பிழை. அனுபவம் போதும் என்று கல்வியை இகழ்வதும் பிழை.

ஆசிரியப் பணியில் இருக்கும் எனக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. நம் தேர்வுகளில் பெரும்பாலானவை மாணவருக்கு எவ்வளவு தெரியும் என்றே அளக்கின்றன. இந்தத் தேர்வோ, எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து அளக்கிறது. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத உயிரிடம் பணிபுரிவோர்க்கு அந்த அறிவே முதன்மையானது. வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் பிள்ளைகளிடம் பணிபுரியும் நமக்கும் அது பொருந்தும் அல்லவா?

சிந்திப்போம்.