உளுந்தில் மஞ்சள் தேமல்: மருந்து அடித்தும் ஏன் தீருவதில்லை?

உளுந்து விதைத்த சில வாரங்களில் கொழுந்து இலையில் அங்கங்கே மஞ்சள் புள்ளி விழும். நாளாக நாளாகப் புள்ளிகள் பெருகி, பச்சையும் மஞ்சளும் கலந்த திட்டுகளாகும். பிறகு இலை முழுவதும் மஞ்சளாகிவிடும். பூ குறையும், காய் சிறுத்துப் போகும். இதுதான் மஞ்சள் தேமல் நோய். கடைக்குப் போனால் பூஞ்சாணக்கொல்லி, நுண்ணூட்டம், டானிக் என்று மூன்று நான்கு பாட்டில் கைக்கு வந்துவிடும். எல்லாம் அடித்த பிறகும் மஞ்சளான இலை பச்சையாவதில்லை.

இதற்கான காரணம் பயிரின் செல்லுக்குள் இருக்கிறது. அங்குள்ள நியூக்ளிக் அமிலங்கள் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்தால், எந்தச் செலவு வீண், எந்தச் செலவு தேவை என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

செல்லுக்குள் இருக்கும் முறுக்கிய ஏணி

நியூக்ளிக் அமிலங்கள் இரண்டு வகை: டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. டி.என்.ஏ. பெரும்பாலும் செல்லின் உட்கருவில் இருக்கிறது. பார்வைக்கு முறுக்கிய நூலேணி போன்றது. 1953-ல் வாட்சன், கிரிக் என்ற இருவர் இந்த வடிவத்தை வெளியிட்டார்கள். ஏணியின் இரண்டு பக்கக் கயிறும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோர்த்தவை. படிகளில் இருப்பவை அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்கள். அடினைன் தைமினோடுதான் சேரும், குவானைன் சைட்டோசினோடுதான் சேரும்.

அந்தப் பாஸ்பேட்டில் இருப்பது நீங்கள் நிலத்துக்கு இடும் மணிச்சத்துதான். படிகளில் இருக்கும் காரங்களுக்குத் தழைச்சத்து வேண்டும். வேரும் கொழுந்தும் வளர வேண்டுமானால் புதுச் செல்கள் உண்டாக வேண்டும்; ஒவ்வொரு புதுச் செல்லுக்கும் ஒரு முழு டி.என்.ஏ. படி வேண்டும். மணிச்சத்து குறைந்த வயலில் வேர் ஓடாமல் பயிர் குன்றி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உளுந்தின் ஒரு செல்லில் 22 குரோமோசோம்கள் உண்டு. அவற்றில் உள்ள டி.என்.ஏ.வை எல்லாம் நேராக நீட்டினால் ஓர் அடிக்கு மேல் வரும். கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் அத்தனையும் சுருண்டு கிடக்கிறது. செடியின் உயரம், காயின் எண்ணிக்கை, நோய் தாங்கும் தன்மை ஆகியவற்றுக்கான குறிப்பு அந்தக் காரங்களின் வரிசையில் இருக்கிறது. அந்த விதையை எடுத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கும்போது நீங்கள் கொண்டுபோவது அந்தக் குறிப்பைத்தான்.

ஆர்.என்.ஏ.வின் வேலை வேறு. மூலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, நகலைத்தானே வெளியே எடுத்துப் போகிறோம்? அதுபோல டி.என்.ஏ. உட்கருவிலேயே இருக்கும். தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்பட்டு வெளியே போகும். அது பெரும்பாலும் ஒற்றை இழை. தைமினுக்குப் பதில் யூராசில் இருக்கும். ரைபோசோம் என்ற பட்டறை அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துப் புரதத்தைத் தயாரிக்கிறது. உளுந்தில் நமக்குக் கிடைக்கும் புரதமும் இப்படி உண்டானதுதான்.

வைரஸ் செய்யும் வேலை

மஞ்சள் தேமலை உண்டாக்கும் வைரஸுக்குச் சொந்தமாகச் செல் கிடையாது, ரைபோசோம் கிடையாது. இரண்டு சிறிய டி.என்.ஏ. வளையங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,700 எழுத்துகள், அவற்றைச் சுற்றிப் புரத உறை. அவ்வளவுதான்.

வெள்ளை ஈ இலைச்சாற்றை உறிஞ்சும்போது வைரஸ் செடிக்குள் இறங்குகிறது. அதன் டி.என்.ஏ. உட்கருவுக்குள் போய்விடுகிறது. செடியின் சொந்தக் கருவிகளே அதையும் தன்னுடையது போல எண்ணிப் படி எடுக்கின்றன, ஆர்.என்.ஏ.வாக்குகின்றன, வைரஸின் புரதத்தையும் செய்து கொடுக்கின்றன. செடி பேசாமல் இருப்பதில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக வெட்டும் தற்காப்பு அதனிடம் உண்டு. அதையும் முடக்கும் புரதங்களை வைரஸ் வைத்திருக்கிறது.

பூஞ்சாணத்துக்குத் தனிச் செல் உண்டு. பயிரைக் கெடுக்காமல் அதை மட்டும் தாக்க மருந்து செய்ய முடிகிறது. வைரஸ் பயன்படுத்துவது செடியின் கருவிகளை. அந்தக் கருவிகளை நிறுத்தும் மருந்தை அடித்தால் செடியும் சேர்ந்து போகும். ஆகவே "வைரஸுக்கு மருந்து" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலும், தக்காளி இலைச்சுருள் நோயும் இதே குடும்பத்து வைரஸ்கள் உண்டாக்குபவை. அவற்றுக்கும் இதே கதைதான்.

இரும்புச்சத்துக் குறையும் மஞ்சளாகத்தான் தெரியும் என்பதால் குழப்பம் வருவதுண்டு. அதில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி ஒரே சீராக வெளுக்கும். தேமலில் மஞ்சள் ஒழுங்கில்லாத திட்டுகளாக, பளிச்சென்று இருக்கும். சத்துக்குறை என்றால் தெளிப்பு பலன் தரும். டி.என்.ஏ.யூ. பயறு ஒண்டர் பூ உதிர்வைக் குறைக்க நல்லது. தேமலைத் தீர்ப்பதற்கானது அல்ல.

எதற்குச் செலவு செய்யலாம்?

முதல் செலவு ரகத்துக்கு. வம்பன் 6, வம்பன் 8 போன்ற ரகங்களுக்குத் தேமலைத் தாங்கும் தன்மை அவற்றின் டி.என்.ஏ.விலேயே இருக்கிறது. ஆனால் ஒரே செடியில் இரண்டு வகை வைரஸ் புகுந்தால் அவை தங்களுக்குள் டி.என்.ஏ. துண்டுகளை மாற்றிக்கொள்ளும்; புது வகை உண்டாகும். ஓர் ஊரில் தாங்கிய ரகம் இன்னோர் ஊரில் தாங்காமல் போகலாம். போன பட்டத்தில் உங்கள் பகுதியில் எது தாங்கியது என்று பக்கத்து வயல்காரரிடமும், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுவிட்டு விதை வாங்குங்கள்.

இரண்டாவது, வெள்ளை ஈயை ஆரம்பத்திலேயே தடுப்பது. ஒரு கிலோ விதைக்கு இமிடாகுளோபிரிட் 600 எப்.எஸ். 5 மி.லி. வீதம் விதை நேர்த்தி செய்தால் இளம் பருவத்தில் பாதுகாப்பு கிடைக்கும். வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ நெருக்கி விதையுங்கள். ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். ஈ தென்பட்டால் 3 சதவீத வேப்ப எண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். வெள்ளை ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, ஈ இன்னும் பெருகும்.

முதல் மாதத்தில் வாரம் இரண்டு முறை வயலைச் சுற்றி வாருங்கள். ஒன்றிரண்டு செடி மஞ்சளாகத் தெரிந்த உடனே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள், வரப்பில் போடாதீர்கள். வரப்பு ஓரக் களைகளிலும் வைரஸும் ஈயும் தங்கும், அவற்றையும் அகற்றுங்கள். வயலில் பெரும்பகுதி மஞ்சளான பிறகு பிடுங்குவதில் பயனில்லை. அந்த நிலையில் மேற்கொண்டு மருந்துக்குப் பணம் போடாமல், கிடைக்கும் காயை அறுத்துக்கொண்டு, விதைக்கு மட்டும் நோயில்லாத வேறு வயலில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.